நீலக்கதவில் இலவச சோப்பு

கோணக்குளத்தில் பொன்னுரங்கம் என்று ஒருவர் சலவை சோப்புக் கம்பெனி வைத்திருந்தார். சோப்பில் ஒரு குறையும் இல்லை, வாங்கத்தான் ஆளில்லை. நாலாயிரம் கட்டி கம்பெனிக் கட்டடத்துக் குடோனிலேயே கிடந்தது. குடோன் கூரையோ ஓட்டை. ஐப்பசி மழைக்குள் விற்காவிட்டால் அத்தனையும் கரைந்துபோகும் என்ற கவலையில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. கூரையை அடைக்கலாம் என்று அந்தக் கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மதுரையிலிருந்து விளம்பர ஆலோசகர் ஒருவரை வரவழைத்தார்கள்.

அவர் மூன்று விஷயம் சொன்னார். செய்தியை ஒருத்தர் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் ஆளுக்குப் பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி பெயரைப் போடக் கூடாது, போட்டால் விளம்பரம் என்று தெரிந்துவிடும். ஒரு சோப்பை இலவசமாகக் கொடுத்தால் பத்து சோப்பு விற்கும். சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

பொன்னுரங்கம் விரல் மடக்கினார். "ஒண்ணு குடுத்தா பத்து விக்கும்னா, நாலாயிரத்தையும் குடுத்துட்டா நாப்பதாயிரம் விக்கும்."

"விக்கிறதுக்கு சோப்பு ஏது, முதலாளி?" என்றாள் பொட்டலம் போடுகிற குருவம்மா.

"அது வித்ததுக்கப்புறம் வர்ற கவலை. இப்பவே எதுக்கு?"

கம்பெனி பெயருக்குப் பதில் கதவின் நிறத்தைப் போட்டு அன்றே செய்தி கிளம்பியது. 'கோணக்குளம் நீலக்கதவுக் கட்டடத்தில் ஆளுக்கொரு சோப்பு இலவசம். பத்துப் பேருக்கு அனுப்பியவர்களுக்கு மட்டும்.'

சோப்பு அறுக்கிற சன்னாசிக்குத் தெரிந்தவர்கள் ஒன்பதே பேர். பத்தாவதாகத் தனக்கே அனுப்பிக்கொண்டான். அது தனக்கு வந்ததும், செய்தி கிடைத்தவர்கள் அனுப்ப வேண்டுமே என்று மறுபடி ஒன்பது பேருக்கும் தனக்கும் அனுப்பினான். சாயங்காலத்துக்குள் கட்டைவிரல் வீங்கியது. ஒன்பது பேரும் அவனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலை, கோயம்புத்தூரிலிருக்கும் மைத்துனரிடமிருந்து பொன்னுரங்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. படித்துவிட்டு நெஞ்சில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நம்ம ஊரிலேயே எவனோ சும்மா சோப்புக் கொடுக்கிறான். இனி நம் சரக்கு எங்கே நகரும்?

"நாம அனுப்பினதும் இதே மாதிரிதான இருந்துச்சு?" என்றான் சன்னாசி.

பொன்னுரங்கம் நெடுநேரம் யோசித்தார். "நாம அனுப்பினது விளம்பரம். இது மச்சான் அனுப்பினது."

குருவம்மாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆளுக்கொன்று வாங்கிவிட்டால் அந்த எதிராளியின் சரக்கில் மூன்று கட்டியாவது குறையும் என்று முடிவாயிற்று. கம்பெனியைப் பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு பின்வாசல் வழியாகக் கிளம்பினார்கள். நல்லவேளை, அதிகம் நடக்க வேண்டியிருக்கவில்லை. வரிசை கட்டடத்தைச் சுற்றி வந்து அங்கேதான் முடிந்திருந்தது.

முன்னால் நின்றவர் நத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். டிக்கெட் காசுக்கு ஆறு சோப்பு வாங்கியிருக்கலாம் என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் அது இலவசமாகாதே என்றார்.

மத்தியானம் தாண்டியும் கதவு திறக்கவில்லை. கூட்டம் வைய ஆரம்பித்தது. எல்லோரையும்விடக் கடுமையாக வைதவர் பொன்னுரங்கம்தான். ஜனங்களை இப்படி வெயிலில் காயப்போடுகிறவன் தொழில் எப்படி உருப்படும் என்று கேட்டார்.

அப்போது மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் நீலக்கதவின் அடியிலிருந்து நுரை வந்தது. கணுக்கால்வரை வந்தது, முழங்கால்வரை வந்தது, கட்டடத்தைச் சுற்றி வரிசையின் வால்வரை வந்துவிட்டது.

"குடுத்துட்டாங்க, முதலாளி" என்றான் சன்னாசி. "கரைச்சே குடுக்கிறாங்க."

பொன்னுரங்கம் சட்டையைக் கழற்றி நுரையில் அலசினார். குனிந்து நிமிரும்போதெல்லாம் இடுப்பில் சாவி ஆடியது. காலர் அழுக்குக்கூடப் போய்விட்டது. "சரக்குன்னா இது சரக்கு" என்றார் வயிற்றெரிச்சலோடு. "நம்மகிட்டயும் இருக்கே."

இருந்தாலும் நியாயஸ்தர். போனை நுரை படாமல் தூக்கிப் பிடித்து, 'உண்மைதான். எனக்கே கிடைத்தது' என்று ஒன்பது பேருக்கு அனுப்பினார். பத்தாவதாக ஆலோசகருக்கு அனுப்பினார்.

அரை நிமிஷத்தில் பதில் வந்தது. 'பஸ் ஏறிவிட்டேன். வரிசையில் எனக்கும் ஓர் இடம் போட்டு வையுங்கள்.'