ஒரு முறுக்கு கூடுதலாக

பூவரசங்கோட்டை ராஜா கோட்டைச்சாமி பூபதிக்கு இரண்டே பெருமை. ஒன்று அவருடைய மீசை. இன்னொன்று, கப்பல் வியாபாரி ஒருவன் காணிக்கையாகக் கொடுத்த துப்பாக்கி. அதன் குழலுக்குள் எட்டிப் பார்த்தால் கொடி சுற்றினாற்போல் பள்ளங்கள் வளைந்து போகும். தோட்டா அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு சுழன்றபடி வெளியே வரும். குறி தப்பவே தப்பாது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் தளவாய் வீரமார்த்தாண்டன். சேனைக்குத் தலைவன்; சண்டையைக் கண்ணால் கண்டதில்லை.

"மகாராஜா, ஊரான் சுடுகிற குட்டைத் தோட்டாவையா தாங்களும் சுடுவது? ராஜா தோட்டா என்றால் நீளமாக இருக்க வேண்டாமா?" என்றான்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. விரல் நீளத்துக்குத் தோட்டா வார்க்கச் சொன்னார். வார்த்த சூட்டோடு வடகரை ராஜாவின் விருந்துக்குப் போனார். "விஜயதசமியன்று குளத்துக்கு அக்கரையில் ஒரு பூசணிக்காயை வையும். இந்த நீளத் தோட்டாவால் இக்கரையிலிருந்து பிளக்கிறேன். தவறினால் மீசையை எடுத்துவிடுகிறேன்!" என்று சபையறியச் சவால் விட்டுவிட்டு வந்தார்.

வந்த பிறகுதான் சுட்டுப் பார்த்தார்.

தோட்டா கள்ளுக்கடையிலிருந்து கிளம்பியவனைப் போல் போயிற்று. முதலில் தள்ளாட்டம், பிறகு குட்டிக்கரணம். ஒன்று மடப்பள்ளி மோர்ப்பானையை உடைத்தது. அடுத்தது தளவாயின் தலைப்பாகையைத் தூக்கிக்கொண்டு போயிற்று. இன்னொன்று எப்படியோ பலகையில் பட்டது. அதுவும் படுத்துக்கொண்டே நுழைந்திருந்தது. துளை நீளமாக இருந்தது.

ராஜா மீசையைத் தடவிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"கூப்பிடு நாகலிங்கத்தை!"

நாகலிங்கம் அந்தச் சபையில் வாய்க்கும் மூளைக்கும் சேர்த்துச் சம்பளம் வாங்குகிறவன். அடக்கமான மீசைக்காரன். ஓடி வந்து கும்பிட்டான்.

"விஜயதசமிக்குள் தோட்டா நேராகப் போக வேண்டும். போகாவிட்டால் என் மீசைக்கு முன்னால் உன் மீசை இறங்கும்!"

"மகாராஜா, பழைய குட்டைத் தோட்டாவையே..."

"மூச்! ஒரு நூல்கூடக் குறைக்கக் கூடாது."

தளவாய் குறுக்கே புகுந்தான். அவனுக்கு நாகலிங்கத்தைக் கண்டாலே ஆகாது. "துப்பாக்கி காணிக்கைப் பொருள், மகாராஜா. தங்கள் அனுமதியில்லாமல் அதில் எதையும் கூட்டவும் கூடாது."

"ஆமாம், கூடாது!" என்றார் ராஜா.

நாகலிங்கம் துப்பாக்கியை வீட்டுக்கு எடுத்துப் போனான். குழலுக்குள் பார்த்தான், யோசித்தான். கடைசியில் முற்றத்தில் உட்கார்ந்து பம்பரம் விட ஆரம்பித்தான். அவன் மனைவி செண்பகவடிவுக்குப் பகீரென்றது.

"ஏங்க, மீசை போகுமுன்னே புத்தி போயிடுச்சா?"

"இங்க பாரடி. குட்டைப் பம்பரம் மெல்லச் சுத்தினாலும் நிக்குது. அதே மாதிரி நெட்டைப் பம்பரத்தை விட்டா தலை சாயுது. இன்னும் வேகமா சுத்தினாத்தான் நிக்கும். தோட்டாவுக்கும் இதே கதைதான். குழலுக்குள்ள பள்ளம் ஒரே ஒரு சுத்துத்தான் சுத்துது. நெட்டைத் தோட்டாவுக்கு முறுக்குப் போதல!"

"முறுக்குப் போதலையா? காலையிலதானே ஒரு தட்டு நிறையத் தின்னீங்க!"

நாகலிங்கம் அவளை ஒரு நொடி பார்த்தான். "என் தங்கமே!" என்று கத்திவிட்டு அரண்மனைக்கு ஓடினான்.

ராஜா பலகாரத் தட்டின் முன் சோகமாக உட்கார்ந்திருந்தார். தளவாய்தான் ராஜாவின் சோகத்தையும் சேர்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

"மகாராஜா, வேலை முடிந்த மாதிரிதான். ஒரே ஒரு முறுக்கு கூடுதலாக வேண்டும். தாங்கள் அனுமதி தர வேண்டும்."

ராஜா தட்டைப் பார்த்தார். "இதற்கெல்லாமா அனுமதி? ஒன்றென்ன, வேண்டியமட்டும் எடுத்துக்கொள்!"

"ராஜ வாக்குதானே?"

"ராஜ வாக்கு!"

"தளவாய் சாட்சிதானே?"

தளவாயின் வாய் நிறைய முறுக்கு. தலையை மட்டும் ஆட்டினான்.

நாகலிங்கம் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டு நேரே கருமான் பட்டறைக்குப் போனான். குழலுக்குள் பழைய பள்ளத்தை வழித்துவிட்டு, ஒரு சுற்றுக்குப் பதில் இரண்டு சுற்றாக வெட்டச் சொன்னான். வழித்ததில் குழலின் துவாரம் கொஞ்சம் அகன்றது. அதற்கேற்பத் தோட்டாவும் சற்றே சதை போட்டது. குறைக்கத்தானே கூடாது!

விஜயதசமி வந்தது. குளக்கரை கொள்ளாத கூட்டம். வடகரை ராஜா சிரித்த முகமாக வந்தார்; நாவிதரையும் கையோடு அழைத்து வந்திருந்தார். கத்தி தீட்டுகிற சத்தம் கேட்கக் கேட்க நம் ராஜா மீசையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு விசையை இழுத்தார்.

டமார்! அக்கரையில் பூசணிக்காய் இரண்டாகப் பிளந்தது.

ராஜா ஒரு குதி குதித்தார். கூட்டமும் குதித்தது. தீட்டிய கத்தியோடு நாவிதரும் குதித்தார். வடகரை ராஜா சட்டென்று தன் மீசையைப் பொத்திக்கொண்டார்.

தளவாய்க்கு மட்டும் பொறுக்கவில்லை. துப்பாக்கியைப் பிடுங்கி உள்ளே பார்த்தான். "மோசம், மகாராஜா! அனுமதியில்லாமல் இதில் கூட்டியிருக்கிறான்!"

"எதைக் கூட்டினாய் நாகலிங்கம்?"

"முறுக்கைத்தான், மகாராஜா. குழலுக்குள் ஒரு முறுக்கு இருந்தது. தாங்கள் இன்னொன்று கொடுத்தீர்கள். தளவாய்தான் சாட்சி."

ராஜாவுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி நாகலிங்கத்துக்குப் போட்டார். தளவாயோ ஆத்திரத்தில் தன் மீசையை முறுக்கு முறுக்கென்று முறுக்கினான்.

"முறுக்கு நல்லதென்றால் தளவாய் ஏன் இன்னும் ஒரு குறியையும் அடிக்கவில்லை?" என்று கேட்டார் ராஜா.

"தோட்டாவுக்கு ஏற்ற முறுக்கு வேண்டும், மகாராஜா. தளவாயிடம் முறுக்குக்குக் குறைவில்லை. உள்ளே தோட்டாதான் இல்லை!"

குளக்கரையே அதிர்ந்தது. சிரித்துக்கொண்டே ராஜாவின் கை தன் மீசைக்குப் போனது. பாதி வழியில் சந்தேகம் வந்து நின்றது.

"நாகலிங்கம், நான் முறுக்கலாமா?"

"தாராளமாக, மகாராஜா. முறுக்குவதற்கு அது அங்கேயேதான் இருக்கிறது!"