தியாகலிங்கம் ஒட்டிய சொல்

நோர்வேயில் பேர்கன் நகரத்து மீன் தொழிற்சாலையில் வேலை செய்த தியாகலிங்கம், அந்நாட்டு மொழிச் சொற்களைத் தானே ஒட்டிப் பேசுவார். அங்கே இரண்டு பெயர்களைச் சேர்த்தால் புதுப் பெயர் பிறக்கும். சேர்ந்தபின் பொருள் சிலசமயம் மாறிவிடும் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. போரில் இறந்த அக்காவின் மகன் நிரோஜனை அழைத்துவந்து வளர்த்தவர் அவர். அவருடைய பிழைகளைத் திருத்துபவன் நிரோஜன்தான்.

நுரையீரல் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூச்சுக்குழாய் வைத்து மயக்குமுன் ஒருவர் மட்டும் பார்க்கலாம் என்றார்கள். வெளியே இருவர் நின்றனர். ஒருவன் நிரோஜன். மற்றவர் தியாகலிங்கத்தின் பெரியப்பா மகன் பரஞ்சோதி. தியாகலிங்கத்தின் மனைவியின் செத்தவீட்டுக்கு வராததால் அவரோடு பேச்சு அறுந்திருந்தது. மன்னிப்புக் கேட்கவே வந்திருந்தார்.

"யாரை விடட்டும்?" என்று வாசலில் நின்று தாதி மாரிட் கேட்டாள்.

"சொஸ்கென்... பார்ன்" என்றார் தியாகலிங்கம், நடுவில் நிறுத்தி.

சொஸ்கென் என்றால் உடன்பிறந்தோர். பார்ன் என்றால் பிள்ளை. அக்காவின் பிள்ளையைத்தான் கேட்டார். ஆனால் ஒரே சொல்லாக வந்தால் அது பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகளைக் குறிக்கும். அக்கா மகனுக்கு வேறு சொல் உண்டு. மூச்சுத் திணறிச் சொல் உடைந்தது என்று எண்ணி, மாரிட் பரஞ்சோதியை அழைத்தாள்.

அவர் தயங்கினார். பிறகு உள்ளே போனார்.

"கடைசியில அண்ணன்தான் வேணுமாக்கும்" என்று முணுமுணுத்து நிரோஜன் அங்கிருந்து நடந்தான்.

"தம்பி, என்னை மன்னிச்சுக்கொள்" என்றார் உள்ளே போன பரஞ்சோதி.

"பெடியன் எங்கை, நிரோஜன்?"

பரஞ்சோதி மறுபடி மன்னிப்புக் கேட்டார். தியாகலிங்கம் மறுபடி பெடியனைக் கேட்டார்.

"வாறான்" என்றார் பரஞ்சோதி. குழாய் வைத்தார்கள். தியாகலிங்கம் பிறகு கண் விழிக்கவில்லை.

செத்தவீட்டில் பரஞ்சோதி நிரோஜனிடம் உண்மையைச் சொன்னார். "உன்னைத்தான் கேட்டவன். அவன் நடுவில நிப்பாட்டிச் சொன்ன உடனேயே எனக்கு விளங்கினது."

"அப்ப ஏன் போனீங்கள்?"

"உன்னை உள்ள விட்டிருந்தா எனக்கு அவன் முகமே கிடைச்சிராது."

மாரிட், நிரோஜன், பரஞ்சோதி. சொல்லுங்கள், இவர்களில் யாருடைய பிழை பெரிது?

விடை: மாரிட் காதில் விழுந்தது ஊர் வழங்கும் சொல்; அவளிடம் பிழையில்லை. நிரோஜன் ஒருதரம் விசாரித்திருக்கலாம், ரோசம் விடவில்லை. பரஞ்சோதிக்குச் சொல்லும் தெரியும், சொன்னவனையும் தெரியும். அவர் நுழைந்ததைக்கூடப் பொறுக்கலாம். பெடியனைக் கேட்டபின்னும் கதவைத் திறந்து கூப்பிடாததே பெரும்பிழை. இதை நிரோஜனிடம் சொன்னேன். அவன் ஒப்பவில்லை.

"நான் போகாமல் நிண்டிருக்க வேணும்" என்கிறான்.