வந்தபடி அனுப்பப்படுகிறது

தர்மகுலசிங்கத்தாருக்குக் குரு வாய்த்தது அறுபத்தோராம் வயதில். அதுவும் நடுவீதியில்.

குருவுக்கு வயது முப்பத்தொன்பது. பெயர் யோகமலர். பிரிட்டனின் வடக்கே, ஆலைகள் மூடிப்போன ஒரு நகரம். அங்கே ஆரம்பப் பள்ளிக்கூட வாசலில் வாகனங்களை மறித்துப் பிள்ளைகளை வீதி கடக்கவிடுவது அவர் வேலை. மஞ்சள் மேலங்கி போட்டிருப்பார். கையில் ‘நில்’ என்று எழுதிய வட்டத் தகடு வைத்த நீளத் தடி. ஞாயிற்றுக்கிழமைகளில் சமூக மண்டபத்தில் பத்துப் பேரை இருத்தித் தியானம் சொல்லிக் கொடுப்பார். அதிகம் பேசமாட்டார்.

ஒருநாள் சிங்கத்தார் அந்தத் தடியைக் கவனிக்காமல் காரைக் கொண்டுபோய் யோகமலரின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினார். அவர் ஏசவில்லை. கண்ணாடியைத் தட்டி, “எங்கை அண்ணை போறியள்?” என்று மட்டும் கேட்டார். சிங்கத்தார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனுசன், போவதற்கு இடமேது? அந்த ஞாயிறே மண்டபத்துக்குப் போய்ச் சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். மகள் வயதுப் பெண்ணை அம்மா என்று கூப்பிடுகிறாரே என்று அவர் மனைவி ஒரு கிழமை முழுக்க விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டுமே.

ஒருவரும் ஒருவரையும் நம்பாத கோடைகாலம் அது. பக்கத்து நகரத்தில் இரண்டு கடைகளைக் கொளுத்திவிட்டார்கள். ஏன் கொளுத்தினார்கள் என்று பத்திரிகை ஒன்று சொன்னது, தொலைக்காட்சி வேறொன்று சொன்னது, நாலாம் நாள் இரண்டுமே ஒரு மூலையில் சின்ன எழுத்தில் மன்னிப்புக் கேட்டன. குழாய்த் தண்ணீர் நல்லது, பயப்படாமல் குடியுங்கள் என்று நகரசபை அறிவித்தால், சனம் போத்தல் தண்ணீர் வாங்க ஓடியது. அப்படி ஒரு காலம்.

அந்தக் காலத்தில்தான் சிங்கத்தாரின் வாட்ஸ்அப் குழு செழித்தது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். முதலில் தமிழர் மட்டும் இருந்தார்கள். பிறகு அவர்களோடு வேலை செய்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், வெள்ளைக்காரர் என்று சேரச்சேர, சிங்கத்தார் தமிழில் ஒருதரம் ஆங்கிலத்தில் ஒருதரம் போடத் தொடங்கினார். சண்டைக் காலத்தில் ஊரில் வாழ்ந்தவர் அல்லவா, செய்தியை முதலில் கொண்டு வருகிறவனுக்குத்தான் தேத்தண்ணி கிடைக்கும் என்பது அவருக்கு இரத்தத்தில் ஊறியிருந்தது.

இன்னொன்றும் ஊறியிருந்தது. ஊரில் அவர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். இருபது வருடம் பத்திரங்களின் நகல்களில் ‘உண்மைப் பிரதி’ என்று முத்திரை குத்தினவர். மூலமும் நகலும் ஒன்றா என்று பார்ப்பதே அவர் வேலை. மூலம் மெய்யா பொய்யா என்பது வேறு யாரோ பார்க்கிற வேலை. அந்தப் பழக்கத்தில், தான் அனுப்பும் ஒவ்வொரு செய்தியின் அடியிலும் ‘வந்தபடி அனுப்பப்படுகிறது’ என்று ஒரு வரி போடுவார். போட்டால் கை கழுவினமாதிரி. நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தச் செய்தி வந்தது. நேற்றிலிருந்து எட்டு வயதுப் பிள்ளை ஒன்றைக் காணவில்லை. ஆலைத் தெருவில் இத்ரிஸின் பேக்கரிக்குள் போனதை ஒருவர் கண்டிருக்கிறார். வெளியே வந்ததை யாரும் காணவில்லை. பொலிஸ் மறைக்கிறது. கீழே பிள்ளையின் படம், பள்ளிச் சட்டையோடு, இரட்டைப் பின்னலோடு.

இத்ரிஸிடம்தான் சிங்கத்தார் மூன்று வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் பாண் வாங்குகிறார். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு தாளில் சுற்றித் தருவான், கை சுடும் என்று எச்சரிப்பான். அவனா? யாரைத்தான் நம்புவது இந்த நாட்டில்? இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் நினைத்தார். அந்த நிமிடம் முடிவதற்குள் செய்தி அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் போய்விட்டது. வந்தபடி.

பதினொரு மணிக்கு மகள் லண்டனிலிருந்து ஃபோன் எடுத்தாள். அப்பா, உங்களுக்கென்ன மூளை கலங்கிப்போச்சா, அந்தப் படம் பள்ளிச் சட்டை விற்கிற கடையின் விளம்பரம், என் பிள்ளைக்கு அதே சட்டையைத்தானே போன மாதம் வாங்கினேன் என்று கத்தினாள். விளம்பரத்தையும் அனுப்பினாள். அதே பிள்ளை. அதே பின்னல். பக்கத்தில் விலை.

சிங்கத்தார் அவசர அவசரமாகச் செய்தியைத் தேடிப் பிடித்து, ‘எல்லோருக்கும் அழி’ என்பதை அமுக்கினார். அழிந்தது. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தார்.

வினை அங்கேதான் தொடங்கியது. செய்தி இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு வரி கிடந்தது: இந்தத் தகவல் அழிக்கப்பட்டுவிட்டது. பத்து நிமிடத்தில் குழு கொதித்தது. சிங்கத்தார் வாழ்நாளில் எதையும் அழித்ததில்லையே! அவரையே மிரட்டிவிட்டார்கள். அப்படியென்றால் உண்மைதான். பன்னிரண்டு மணிக்குப் பொலிஸ், எந்தப் பிள்ளையும் காணாமற்போகவில்லை என்று அறிவித்தது. பார்த்தீர்களா, பொலிஸும் மறுக்கிறது, சந்தேகமே இல்லை என்றார்கள். அவர் அழித்த செய்தி அதற்குள் ஆயிரம் ஃபோன்களில் குட்டி போட்டிருந்தது. ஒரு மணிக்குப் புதிதாக ஒன்று சுற்றியது: மூன்றரைக்கு எல்லோரும் ஆலைத் தெருவுக்கு வாருங்கள்.

சிங்கத்தார் விளக்கம் எழுதப் பார்த்தார். எழுதினால், யாரோ துப்பாக்கியைத் தலையில் வைத்து எழுதச் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. பொலிஸுக்கு எடுத்தார், ஒரு இயந்திரக் குரல் காத்திருக்கச் சொன்னது. பேக்கரிக்கு எடுத்தார், யாரும் எடுக்கவில்லை. கடைக்கு மேலேதான் இத்ரிஸின் குடும்பம் இருக்கிறது. மனைவி, கைக்குழந்தை, நடக்கமுடியாத தாய். மூன்று மணிக்கு அவருக்கு வேறு வழி தெரியவில்லை. குருவிடம் ஓடினார்.

பள்ளிக்கூடம் விடுகிற நேரம். யோகமலர் வீதியோரம் நின்றார். சிங்கத்தார் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் கொட்டினார். கடைசியில், இப்படி ஒருவரும் எதையும் நம்பாத காலத்தில் உண்மையை எப்படித்தான் சொல்வது என்று கேட்டார்.

“பொய்யை ஆர் எழுதினது?”

“நான் எழுதேல்லை அம்மா. எனக்கு வந்தது.”

“ஆரிட்டை இருந்து?”

“ஒரு சிநேகிதரிட்டை இருந்து.”

“அவருக்கு?”

“அவருக்கும் வந்ததுதான்.”

“அப்ப எழுதினது ஆர்?”

சிங்கத்தார் கையை விரித்தார்.

யோகமலர் கையிலிருந்த தடியை வீதிக்கரைக் கம்பியில் சாத்தி வைத்துவிட்டு, இரண்டடி பின்னால் தள்ளி நின்றார். தடியில் ‘நில்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஒரு கார் போனது. ஒரு வான் போனது. ஒரு பஸ்ஸும் போனது. ஒன்றும் வேகத்தைக் குறைக்கக்கூட இல்லை.

பிறகு தடியைக் கையில் எடுத்தார். நேரே நடுவீதிக்கு நடந்தார். வந்துகொண்டிருந்த லொறி முன்பக்கம் குனிந்து, கிறீச்சென்று நின்றது. பிள்ளைகள் கதைத்துக்கொண்டே கடந்தார்கள். ஒரு பிள்ளைகூட லொறியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சிங்கத்தார் லொறியையும் குருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆலைத் தெருவுக்கு நீங்களும் வாங்கோ அம்மா,” என்றார்.

“எனக்குப் பிள்ளையள் இன்னும் வந்து முடியேல்லை. நீங்கள் போங்கோ.”

அறுபத்தொரு வயது மனுசன் ஓடினார். முழங்கால் வலி, இரத்த அழுத்தம், எல்லாவற்றையும் மறந்து ஓடினார்.

ஆலைத் தெருவில் நூற்றைம்பது பேர் இருக்கும். பேக்கரிக் கண்ணாடியில் ஒன்று ஏற்கெனவே நொறுங்கிக் கிடந்தது. மேல்மாடித் திரை இழுத்து மூடியிருந்தது, உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. சிங்கத்தார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கடை வாசல் படியில் ஏறினார். யாரோ அவரை அடையாளம் கண்டு, இதோ சிங்கம், இவரைத்தான் மிரட்டினார்கள் என்று கத்தினார்கள்.

கூட்டம் கைதட்டியது. ஐயோ, அந்தக் கைதட்டல்! வாழ்நாளில் அவருக்கு யாரும் அப்படிக் கைதட்டியதில்லை. கூரை வேலை செய்கிற கிரெய்க் என்ற சிவப்புத் தாடிக்காரன் முன்னால் வந்து அவர் தோளில் கைபோட்டான். மற்றக் கையில் கல் இருந்தது. பயப்படாதே, யார் உன்னை மிரட்டியது, பேரைச் சொல், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றான்.

சும்மா நின்றிருந்தாலே போதும், சிங்கத்தார் அன்றைக்கு அந்த ஊரின் வீரன்.

“ஒருவரும் மிரட்டவில்லை,” என்றார். “வெட்கத்தில் அழித்தேன்.”

எவ்வளவு காசு வாங்கினாய் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. சிங்கத்தார் தன் முழுப்பெயரைச் சொன்னார். வீட்டு இலக்கத்தையும் தெருவையும் சொன்னார். ஃபோன் நம்பரை இரண்டு தரம் சொன்னார். படத்திலிருப்பது சட்டை விளம்பரத்துப் பிள்ளை, இதோ பாருங்கள் என்று ஃபோனைத் தூக்கிப் பிடித்தார். பொய்யென்றால் இத்ரிஸிடம் வரவேண்டாம், என் வீட்டுக்கு வாருங்கள், நான் அங்கேதான் இருப்பேன் என்றார்.

கிரெய்க் தோளிலிருந்து கையை எடுத்தான். பார்த்துவிட்டு அனுப்பியிருக்கலாமே என்றான்.

“ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. எல்லோருக்கும் முதல் நான் சொல்லப்போகிறேன் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.”

அப்படியொரு வார்த்தையை யாரும் காசு வாங்கிக்கொண்டு சொல்லமாட்டார்கள். ஒரு பெண் தன் ஃபோனை எடுத்து எதையோ பார்த்தாள், பிறகு பையில் போட்டுக்கொண்டாள். முட்டை ஒன்று பறந்து வந்து சிங்கத்தாரின் காதோரம் உடைந்தது. ஒருவன் காறித் துப்பினான். வசவுகள் அவருக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் தாண்டிப் போயின. எல்லோரும் நம்பினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஆத்திரம் முழுக்க அவர் பக்கம் திரும்பியது, திரும்பினபிறகு அந்தக் கிழவனை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மூன்று பேராகக் கலைந்தார்கள். கிரெய்க் கல்லை வீதியோரத்தில் வைத்துவிட்டுப் போனான். எல்லாம் முடிந்தபிறகு பொலிஸ் வந்தது.

இத்ரிஸ் கதவைத் திறந்தான்.

“மூன்று வருடமாக என்னிடம் பாண் வாங்குகிறாய்,” என்றான். “என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

சிங்கத்தார் குனிந்து விளக்குமாற்றை எடுக்கப் போனார். இத்ரிஸ் கொடுக்கவில்லை. தானே கண்ணாடியைக் கூட்டினான்.

அன்று இரவுக்குள் குழு கரைந்துபோனது. காலையில் எழும்பிப் பார்த்தால் நாற்பத்தொரு பேர். மனைவி முட்டை காய்ந்த சட்டையை ஊறப்போட்டாள். சிங்கத்தார் ஃபோனைக் கவிழ்த்து வைத்தார். எட்டு மணிக்கு அது அதிர்ந்தது. தெரியாத நம்பர். தான் நேற்றுக் கல்லோடு நின்றவன் என்று எழுதியிருந்தது. கூடவே ஒரு வீடியோ: இராணுவம் ஆற்றுப் பாலத்தை மூடப்போகிறது, சனம் ஊரைவிட்டுப் போகமுடியாது. அதற்குக் கீழே கிரெய்க் ஒரே ஒரு வரி கேட்டிருந்தான். இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை, இது உண்மையா?

சிங்கத்தார் செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினார். நேற்றைவிட வேகமாக ஓடினார் என்றுதான் சொல்லவேண்டும். ஃபோனை யோகமலரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அம்மா, பாருங்கோ! ஒருத்தன் என்னட்டைக் கேக்கிறான். அனுப்ப முன்னம் கேக்கிறான்!”

யோகமலர் வாசித்தார். முகத்தில் மெல்லிய சிரிப்பு வந்தது.

“என்ன எழுதப் போறியள்?”

“அதுதான் தெரியேல்லை. பாலத்தைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாதே அம்மா.”

“அதை எழுதுங்கோ.”