சேனைக்கிழங்குக்குள் ஒரு வீடு

ஏகாம்பரம் பொய் சொல்கிறவர் இல்லை. இதை அவர் மனைவி குணவதி யாரிடம் வேண்டுமானாலும் சொல்வாள். இருக்கிற உண்மைக்குக் கொஞ்சம் உரம் போடுவார், அவ்வளவுதான். சிம்லாவில் ஓர் ஆப்பிள் கிடங்கில் இருபத்தாறு வருஷம் மேலாளராக இருந்து, கம்பளிக்குள்ளேயே காலத்தை ஓட்டிய மனிதர். ஒருநாள் குளிரில் பல் தந்தியடிக்க, "இனிமே வெயில் அடிக்கிற ஊர்ல, நம்ம கையால வெதைச்சு, நம்ம கையால பறிச்சுத் தின்னுதான் வாழ்க்கை" என்று அறிவித்தார். அந்தமானில் இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்தார். கடையில் உப்பைத் தவிர எதுவும் வாங்குவதில்லை என்று சபதம் வேறு. அதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆயிற்று.

அந்த இரண்டு வருஷத்து விளைச்சலைக் குணவதி விரல்விட்டு எண்ணிவிடுவாள். மிளகாய் பதினொன்று. பூசணி ஒன்று, அதிலும் பாதியை நத்தை தின்றுவிட்டது. மற்றதையெல்லாம் எட்டு மாத மழையும், வேலி தாண்டும் புள்ளிமானும், உள்ளங்கை அகல நத்தைகளும் பங்கு போட்டுக்கொண்டன. சமையல்கட்டு வாசலில் பெயிண்ட் டப்பாவில் அவள் வைத்த கறிவேப்பிலை மட்டும் தளதளவென்று தழைத்தது. அதைத் தோட்டத்தில் சேர்க்கக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். டப்பா கடையில் வாங்கியதாம்.

இப்போது சென்னையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு இருவரும் கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கூடவே ஒரு வில்லங்கமும் வந்துகொண்டிருந்தது. பெயர் உலகநாதன், குணவதியின் சித்தி மகன், மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தர். பந்தியில் ஏகாம்பரத்துக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்ததுதான் அவன் செய்த தப்பு. சாம்பார் வருவதற்குள் தோட்டத்தைப் பற்றிக் கேட்டான். பாயசம் வருவதற்குள் வேலையை விட்டுவிட்டு அந்தத் தோட்டத்தில் கூட்டாளியாகிவிடுவது என்று முடிவும் செய்துவிட்டான். தோட்டத்தை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

ராஜினாமாக் கடிதம் போனில் தயாராக இருந்தது. "நடுக்கடல்ல சிக்னல் இல்லக்கா. போர்ட் பிளேர் நெருங்கினதும் டவர் வரும். ஒரு தட்டு தட்டி அனுப்பிட்டேன்னா முடிஞ்சது" என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். மனைவி அவனோடு பேச்சை நிறுத்தி ஆறு நாளாயிற்று.

 குணவதி முதல் நாளே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் அவனைத் தனியாகப் பிடித்து, "தம்பி, அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்றவரு" என்றாள். அவன் சிரித்தான். "அத்தான் அடக்கமானவருக்கா. உண்மையில இதைவிட அதிகமா வெளையும்னு எனக்குத் தெரியும்" என்றான். இதற்கு மேல் என்ன செய்வது? நாலு பேர் முன்னால் எழுந்து நின்று 'எல்லாம் புளுகு' என்று சொல்லலாம். ஆனால் முப்பத்தோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவரை அவள் சபையில் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த வயதில் அந்த மனுஷன் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். இன்னும் கொஞ்ச நேரத்தில் கரை. கீழ்த்தட்டில் வரிசை வரிசையாகப் படுக்கைகள், ஏகாம்பரத்தின் படுக்கையைச் சுற்றி வழக்கமான கூட்டம். அதில் முக்கியமான சந்தேகக்காரர்கள் இரண்டு பேர். ஒருத்தி செல்லக்கனி, தூத்துக்குடிக்காரி, போர்ட் பிளேரில் காய்கறிக் கடை வைத்திருப்பவள். கடைக்கான மூட்டைகள் இதே கப்பலின் அடித்தளத்தில் வந்துகொண்டிருந்தன. குணவதியின் வாடிக்கைக் கடை அதுதான். 'வாயைத் திறந்துடாதே தாயி' என்று முதல் நாளே குணவதி அவள் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருவர் சூசை, தீவிலேயே பிறந்து வளர்ந்த பெயிண்டர்.

"மண்ணுன்னா அது மண்ணு மாப்ள" என்று ஏகாம்பரம் உலகநாதனின் தொடையில் தட்டினார். "போன வருஷம் புடலங்கொடி போட்டேன். பிஞ்சு கோணிக்கிட்டு வந்துச்சு. நேரா வளர நுனியில கல்லு கட்டுவோம்ல, கட்டினேன்."

"எல்லாரும் கட்டுறதுதானே" என்றார் சூசை.

"கேளுங்க. காலையில பார்த்தா கல்லு தரையைத் தொட்டிருச்சு. குழி வெட்டி விட்டேன். சாயங்காலம் குழியையும் தாண்டிருச்சு. சரி, இது நமக்கு அடங்காதுன்னு கொடியைக் கெணத்துப் பக்கம் திருப்பி விட்டேன். புடலங்கா கல்லோட கெணத்துக்குள்ள எறங்கி, தண்ணியில முங்கி, அடிமண்ணுல முட்டித்தான் நின்னுச்சு."

"அறுத்து எடுத்தீயளா?" என்றாள் செல்லக்கனி.

"எதுக்கு? உள்ள குடைஞ்சு விட்டு, மேல் நுனியில மோட்டாரை மாட்டிட்டேன். ரெண்டு வருஷமா அந்தப் புடலங்கா வழியாத்தான் தண்ணி ஏறுது. பைப்புன்னு ஒண்ணு நான் வாங்கினதே இல்ல."

"போன வருஷம் போட்ட கொடியில ரெண்டு வருஷமா தண்ணி ஏறுதோ?" என்று சூசை கணக்குக் கேட்டார்.

"அவ்வளவு வேகம் சார் அங்க" என்றார் ஏகாம்பரம், கண்ணை இமைக்காமல்.

உலகநாதன் வாயைப் பிளந்துகொண்டு போனை எடுத்துப் பார்த்தான். சிக்னல் இல்லை. குணவதிக்கு மூச்சு வந்தது.

"அது கெடக்கட்டும். வீடு எங்க?" என்றார் சூசை. "எட்டு மாசம் மழை அடிக்குற ஊர்ல கூரை போட ஆள் கெடைக்கிறதே கஷ்டமாச்சே."

ஏகாம்பரம் இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தார் போலிருக்கிறது. சம்மணத்தை மாற்றிப் போட்டுக்கொண்டார். "வீடு கட்டவே இல்லையே! ஒரு சேனைக்கிழங்கு வெச்சேன். தோண்ட ஆரம்பிச்சோம். முதல் நாள் தோண்டுறோம், ரெண்டாம் நாள் தோண்டுறோம், ஓரம் தட்டுப்படலை. நாலாம் நாள் இவதான் சொன்னா, 'ஏங்க, எடுக்கிறதுக்குப் பதிலா நாம உள்ள போயிடலாமே'ன்னு. ஒரு பக்கம் வாசல் வெட்டினோம். உள்ளுக்குள்ள ஹால், ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு. சுவர்லேர்ந்து ஒரு துண்டு வெட்டினா அன்னிக்கு வறுவல். வெட்டின எடம் ஒரு வாரத்துல தானா மூடிக்கும். விருந்தாளி வந்தா இன்னும் நாலு கிலோ வெட்டுவோம், அவங்களுக்கு ஒரு ரூம் ஆச்சு."

எல்லாரும் குணவதியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சேனை அரிக்குமே அண்ணாச்சி" என்றாள் செல்லக்கனி. "கையில பட்டாலே ஊறல் எடுக்கும். அதுக்குள்ள எப்படிப் படுத்துப் பொரண்டீய?"

வேறு ஆளாக இருந்தால் இங்கே மாட்டியிருப்பார். ஏகாம்பரம் பரிதாபமாக அவளைப் பார்த்தார். "என்னம்மா, காய்கறி யாவாரம் பண்ற, இது தெரியாதா? உள்பக்கம் பூரா புளித்தண்ணியில வெள்ளையடிச்சிட்டோம்."

பெயிண்டர் சூசையே ஒரு கணம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அதுதான் ஏகாம்பரத்தின் சாமர்த்தியம். புளுகு ஆகாயத்தில் பறக்கும், ஆனால் அதற்கு ஒரு கால் மட்டும் அடுப்படியில் ஊன்றியிருக்கும்.

"பாலுக்கு என்ன பண்றீங்க அத்தான்?" என்று உலகநாதன் பக்தியோடு எடுத்துக் கொடுத்தான்.

"மாடு இருக்கு. இஞ்சியும் ஏலக்காயும் இஷ்டத்துக்கு மேயும். வேலி பூரா தேயிலை. காலையில கறந்தா நேரா டீதான். சூடு மட்டும் கொஞ்சம் கம்மியா இருக்கும்."

"சர்க்கரை?"

"முந்தி கரும்பும் மேஞ்சுக்கிட்டிருந்துச்சு. எனக்குச் சுகர் வந்ததுலேர்ந்து நிறுத்திட்டேன்."

கூட்டம் சிரித்து உருண்டது. "அந்தப் பெரிய நத்தைங்க? அதுங்க எங்களையெல்லாம் அழிச்சிருச்சே" என்று சூசை விடாமல் கேட்டார்.

"நத்தைதான் சார் எனக்கு வேலையாளு. வரிசையா வந்து களை மட்டும் பிடுங்கித் தின்னுட்டு வரிசையா போயிடும். ஞாயித்துக்கிழமை லீவு."

உலகநாதன் சிரிக்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. "ஒன்பது வருஷ சர்வீஸ் பாக்கி இருக்கு அத்தான். இன்னும் ஒன்பது வருஷம் அந்த நாற்காலியில உக்காந்து மின் இணைப்பு மனுவைப் புரட்டறதுக்கு, இந்த மண்ணுல ஒன்பது நாள் நின்னாப் போதும்" என்றான். அப்போது மேல்தட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். கரை தெரிகிறதாம். எங்கோ ஒரு போன் கிணுகிணுத்தது. உலகநாதன் தன் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

குணவதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மண்ணில் நிற்பதாமே! அவள் தொண்டையைச் செருமினாள். மூன்று நாளில் அவள் சபையில் பேசுவது அதுதான் முதல் தடவை.

"ஏங்க, எல்லாத்தையும் சொன்னீங்க. நம்ம தங்கராசு விஷயத்தைச் சொல்லவே இல்லையே?"

ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். "எந்தத் தங்கராசு?"

"இதானே வேணாங்கிறது. நம்மளோட முதல் கூட்டாளி" என்றாள் குணவதி. பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "உன்னை மாதிரியே ஆபீஸ் உத்தியோகம் தம்பி. கடுதாசி குடுத்துட்டு வந்தவரு. தங்கமான மனுஷன். வந்த மறுநாள் காலையில வெறுங்காலோட தோட்டத்துல நின்னு வேப்பங்குச்சியில பல்லு வெளக்கினாரு. மண்ணு நல்லா ஜில்லுனு இருக்குன்னு கொஞ்சம் கூட நேரம் நின்னுட்டாரு."

"நின்னா என்ன?" என்றான் உலகநாதன். தூக்கிய கை பாதியில் இறங்கியது.

"உள்ளங்கால் ஊறுதுன்னாரு. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டா வர முடியலை. காலைத் தூக்க வரலை. வேர் விட்டிருச்சு."

 செல்லக்கனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானும் இவரும் சேர்ந்து இழுத்தோம். வேரை அறுத்தா ஆளு வாடிருவாருன்னு விட்டுட்டோம். ராத்திரி மழை பெஞ்சுது. விடிஞ்சு பார்த்தா காதுக்குப் பின்னாடி ரெண்டு துளிர். அவர் சம்சாரம் அடுத்த கப்பல்ல ஓடி வந்து அழுதுச்சு பாரு, அந்த அழுகையை நான் இன்னும் மறக்கலை. பாவம், இப்ப மாசாமாசம் வந்து தண்ணி ஊத்திட்டுப் போகுது. ஒரே பொண்ணு, காலேஜ்ல படிக்குது. காலேஜ் பாரத்துல அப்பா கையெழுத்து போடணுமாம். அந்தப் புள்ள வந்து, அவர் மேலேர்ந்து ஒரு இலையைக் கிள்ளி ஒட்டிக்கிட்டுப் போகுது."

கடைசி வார்த்தையில் அவள் குரல் நிஜமாகவே உடைந்தது. உலகநாதன் அக்காவின் முகத்தையே பார்த்தான். அவன் முட்டாள் இல்லை, ஆசைப்பட்டவன். அக்கா சொன்னதை அவன் நம்பவில்லை. அக்கா எதற்காகச் சொன்னாள் என்பது மட்டும் மெல்ல மெல்ல உறைத்தது. மெதுவாக அத்தான் பக்கம் திரும்பினான்.

"நிஜமா அத்தான்?"

எல்லாக் கண்களும் ஏகாம்பரத்தின் மேல் விழுந்தன. பாவம், அவர் பாடு திண்டாட்டம். இல்லை என்றால் தங்கராசு போவான். தங்கராசு போனால் அவன் பின்னாலேயே மாடு, நத்தை, புடலங்காய் எல்லாம் போகும். சேனைக்கிழங்கு வீடு இடிந்து விழும். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் கெஞ்சலும் இருந்தது, இத்தனை வருஷத்து அலுப்பும் இருந்தது. 

"ஆமா மாப்ள" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சுபாவம் விடுமா? "நாலு மணிக்கு மேல அவருக்குக் கீழ நல்ல நிழலு. நான் கட்டிலை அங்கதான் போடுவேன்."

அப்போது எல்லாருடைய போனும் ஒன்றாகக் கிணுகிணுத்தது. டவர் வந்துவிட்டது. உலகநாதன் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கடிதத்தை அழித்தான். பிறகு வீட்டுக்குப் போன் போட்டான். ஆறு நாள் கழித்து அந்தப் பக்கம் மனைவி எடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் அவன் குரல் ஒரேயடியாகக் கம்மிப்போனது. "ஒண்ணுமில்ல, சும்மா ஊர் சுத்திப் பார்க்கத்தான் வந்தேன். அடுத்த கப்பல்ல வந்திடறேன். பாப்பாகிட்ட சொல்லு" என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போனான். குணவதி கையெடுத்துக் கும்பிட்டாள், யாரை என்று அவளுக்கே தெரியாது.

இறங்கும் வரிசையில் செல்லக்கனி பின்னால் வந்து நின்றாள். உலகநாதன் ரொம்ப முன்னால் போய்விட்டான் என்று பார்த்துக்கொண்டு, சத்தத்தைக் குறைத்துச் சொன்னாள். "அண்ணாச்சி, மூட்டை நாளைக் காலையில கடைக்கு வந்துரும். உங்க வீட்டுக்கு வழக்கம்போல ரெண்டு கிலோ புடலங்காயும் ஒரு கிலோ சேனையும் எடுத்து வெச்சிருதேன். வீட்டு வாசலை அடைக்கணும்னா சேனை கூடவே போடுதேன்."

ஏகாம்பரம் காதில் விழாதவர்போல் கடலைப் பார்த்தார். அவள் போன பிறகு மனைவி பக்கம் குனிந்தார். கோபம் என்று சொல்ல முடியாது, ஒருவகையான பொறாமை.

"ஏண்டி, அந்தத் தங்கராசு எனக்கே தோணலையே. உனக்கு எங்கேர்ந்துடி வந்தான்?"

குணவதி பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"எல்லாம் நம்ம தோட்டத்துல வெளைஞ்சதுதாங்க. ரெண்டு வருஷத்துல வேற என்ன வெளைஞ்சிருக்கு?"