கூடைக்குள் முதலில் யார்?

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பியதில்லை. சொன்னவர் மேடை வித்தைக்காரர் சடையப்பன். கதையில் வருகிறவர்கள் தன் முன்னோர் என்பார். நம்பாமலே பலருக்கு நானும் சொல்லியிருக்கிறேன். அது சரியா என்று தெரியவில்லை.

முன்னொரு காலத்தில் மல்லையூரை ஒரு ராஜா ஆண்டான். காலையில் சிரித்த விஷயத்துக்கு மாலையில் சவுக்கெடுப்பான். அவன் சபைக்குச் சங்கிலி என்ற வித்தைக்காரனும் மனைவி பேச்சியும் வந்தார்கள். பேச்சி பிரப்பங்கூடைக்குள் உட்கார்ந்தாள். சங்கிலி மூடியைப் போட்டு நாலு பக்கமும் வாளைச் செருகி எடுத்தான். திறந்தால், பேச்சி சிரித்துக்கொண்டே எழுந்தாள். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தான்.

அந்த மாலைமேல் இருபது வருடமாகக் கண் வைத்திருந்த பிரதானி அனந்தப்பனுக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, புருஷன் குத்தினால் பெண்டாட்டிமேல் படுமா? நான் குத்துகிறேன். பிழைத்தால் வித்தை, செத்தால் புரட்டு."

"பேஷ்! குத்தும்!" என்றான் ராஜா.

வாள் போகும் வழி சங்கிலியின் கைக்கு மட்டும்தான் தெரியும். அவன் ராஜாவின் காலில் விழுந்தான். "சாமி, என் தலையை எடுத்துக்குங்க. அவளை விட்டுடுங்க."

பேச்சி அவனைத் தூக்கி நிறுத்தினாள். "பிரதானி ஐயா தாராளமா குத்தட்டும். எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு மகாராஜா. கூடைக்குள்ள உட்காராதவன் வாளைத் தொடக்கூடாது. இவரே ஏழு வருஷம் உள்ளே உட்கார்ந்தவர். ஐயா ஒரு தடவை உட்கார்ந்தா போதும்."

"நியாயம்தானே. உட்காரும் ஓய்!"

அனந்தப்பன் தொந்தியைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூடியைப் போட்டதும் உள்ளேயிருந்து குரல் வந்தது: "சங்கிலி, பார்த்துக் குத்தப்பா."

"அவரில்லீங்க ஐயா, நான்தான் குத்தப் போறேன்," என்றாள் பேச்சி. "வாள் பிடிக்கிறது எனக்கும் இதுதான் முதல் தடவை."

மூடி பறந்தது. இடுப்பில் மாட்டிய கூடையோடு பிரதானி வாசல்வரை ஓடினான். ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தான். பிரதானியின் பட்டுச் சால்வையை உருவிப் பேச்சிக்குப் போர்த்தி, கூடையை ஊர் எல்லைவரை அவனே சுமக்கவேண்டும் என்று உத்தரவிட்டான்.

எல்லை தாண்டியதும் பேச்சி வழியிலேயே உட்கார்ந்து அழுதாளாம்.

சடையப்பனும் ஏழு வருடம் கூடைக்குள் இருந்தவர்தான். தோளில் இரண்டு தழும்புகள் உண்டு. போன மாதம் அவரிடம் கேட்டேவிட்டேன்:

"அந்த வழக்கம் அன்றைக்கு முன்னாலேயே உங்கள் குடும்பத்தில் இருந்ததா, இல்லை, உயிர்ப்பயத்தில் அவள் அங்கேயே உண்டாக்கினாளா?"