காத்து கொண்டாந்த கத்தாழை

ஒரு ஊர்ல, பண்ணையார் தோட்டத்தை ஒட்டின செம்மண் மேட்டுல, மாடத்தின்னு ஒருத்தி இருந்தா. யாருக்கும் குனியாதவ. பண்ணையாரே எதிர்ல வந்தாலும் அவ கழுத்து நிமிர்ந்துதான் நிக்கும். ம் கொட்டு. ஆங், அப்படி.

அவளுக்குன்னு இருந்தது அந்த மேடும், அதுல போட்ட கம்பும்தான். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துப் பண்ணையார் மாடுங்க வந்துரும். கறுக் முறுக், கறுக் முறுக். வேலி இருந்தாத்தான் அவளுக்குக் கஞ்சி. பண்ணையார் தோட்டத்தைச் சுத்தி ஆனைக்கத்தாழை வேலி. மடலெல்லாம் முள்ளு, மாடு மூக்கை நீட்டாது. தாய்க் கத்தாழையோட காலடியில குட்டி முளைக்கும். அதைப் பிடுங்கி நட்டா வேலி.

மாடத்தி போய்க் கேட்டா. "நாலு குட்டி குடுங்க, பண்ணையாரே."

"குனிஞ்சு கும்பிட்டுக் கேளு."

"வாயால கேட்டாச்சு. கும்பிடு கெடையாது."

"அப்போ குட்டியும் கெடையாது!"

அதோட விட்டாரா? அவ திருடிருவான்னு முளைச்ச குட்டி அத்தனையும் பிடுங்கிப் போட்டு எரிச்சார். இனி முளைக்கிறதையும் எரிங்கடான்னார். சடசட, படபட.

அப்புறம், அந்த வேலியில ஒரு கிழட்டுக் கத்தாழை. கத்தாழை ஆயுசுக்கு ஒரு தடவைதான் பூக்கும், பூத்தா செத்துரும். அது வீட்டு உசரத்துக்குக் கம்பம் விட்டுப் பூத்துச்சு, காய்ச்சுது. காய் வெடிச்சுது, டப்! காத்து விசிறுச்சு, உஸ்ஸ்ஸ்... விதையெல்லாம் மாடத்தி வாசல்ல. வெள்ளை விதை பதரு. கறுப்பு விதையிலதான் உசுரு. கறுப்பை மட்டும் பொறுக்கினா.

முதல்ல அவரைக்கொட்டை ஊணுற மாதிரி ஆழமாப் புதைச்சா. ஒண்ணும் வரல. அப்புறம் மேலாகப் போட்டு, குடம் குடமாத் தண்ணி ஊத்தினா. முளை வந்துச்சு, கொளகொளன்னு அழுகிருச்சு.

"கத்தாழைக்கு விதை போடுறா கிறுக்கி!"ன்னு ஊரே சிரிச்சுது.

மிச்சம் ஒரு பிடி விதை. ஒடஞ்ச சட்டியில மணலை நிரப்பி, மேலேயே தூவி, விரலால தண்ணி தெளிச்சு, நிழல்ல வெச்சா. அப்போ ஒரு காலையில பார்த்தா, பச்சைப் பச்சையா ஊசி!

"வந்துட்டீங்களா, என் ராசாக்களா!"

ம் எங்கே? தூங்கிட்டியா?

ஊசி வாளாச்சு, வாள் வேலியாச்சு. மாடு வந்துச்சு, மூக்குல சுருக்! "ம்மா"ன்னு திரும்பி ஓடிருச்சு. மாடத்தி பானையில கம்பங்கூழு, தளதள.

பண்ணையார் பாய்ஞ்சு வந்தார். "ஏ மாடத்தி, என் குட்டியத் திருடினியா?"

"குட்டியத்தான் எரிச்சுட்டீங்களே! இது காத்து போட்ட விதை. காத்தைப் பிடிச்சுக் கேளுங்க."

அப்புறம் அவர் வேலி வரிசையாப் பூத்துச்சு, வரிசையாச் செத்துச்சு. அந்த இடத்துல வைக்கக் குட்டி ஏது? இப்போ அவர் தோட்டத்துலயே கறுக் முறுக். துண்டை முறுக்கிக்கிட்டு மாடத்தி வேலியோரம் வந்து நின்னார். காலடியெல்லாம் குட்டி.

"ரெண்டு குட்டி..."

"ஊருக்கே குடுத்தேன், உங்களுக்கு இல்லையா? எடுத்துக்குங்க. ஆனா அது தரையில இருக்கு, பண்ணையாரே. குனிஞ்சுதான் எடுக்கணும்."

குனிஞ்சார்.

மாடத்தியும் குனிவா, தெரியுமா? பூத்துச் செத்த அந்தக் கிழடோட கம்பம் அவ பக்கமாச் சாஞ்சு விழுந்துச்சு. அதைக் குடிசைக்கு நடுக்காலா நட்டிருந்தா. தினம் விளக்கேத்தினதும் அதுக்கு முன்னால நெத்தி மண்ணுல பட விழுவா. "நீ செத்தே, நான் பொழச்சேன், சாமி."

கதை வேலிக்கு அந்தப் பக்கம் போயிருச்சு. நீ இந்தப் பக்கம் கண்ணை மூடு.