பேத்தை மீனுக்கு வயிறு ஊதிய கதை

அந்தக் காலத்தில், மீனும் நண்டும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, பேத்தை மீனுக்கு இந்த உருண்டை வயிறு கிடையாது. சாளை மீன் மாதிரி ஒல்லியாக இருந்தான். ஓரிடத்தில் நிற்க மாட்டான். இங்கே கொறிப்பான், அங்கே எட்டிப் பார்ப்பான், அதற்குள் வேறெங்கோ போயிருப்பான்.

ஒரு நாள் கடலடியில் பாறை சரிந்து, பாசி மேய்ந்துகொண்டிருந்த ஆமையின் கால் அதற்கடியில் மாட்டிக்கொண்டது. வயிறு நிறைய முட்டை அவளுக்கு. கரையேறி மணலில் இட வேண்டிய நேரம். மீனுக்குத் தண்ணீருக்குள்ளேயே மூச்சு உண்டு. ஆமைக்கோ மேலே போய்க் காற்றை இழுத்தால்தான் உயிர்.

"தம்பி, மூச்சு முட்டுதுடா" என்றாள்.

பேத்தை பதறிப்போய்ப் பாறையை முட்டினான். அது அசையவில்லை. அந்தப் பக்கம் வந்த நண்டு அடியில் குனிந்து பார்த்தது.

"முட்டி மண்டைய உடைச்சுக்காத மாப்ளே. கீழ மணல்தான், நான் தோண்டிருவேன். ஆனா நேரமாகும். அதுவரைக்கும் இவ தாங்குவாளா?"

"நான் போய்க் காத்தக் கொண்டாறேன்!"

"ஆமா, ஓலைப்பெட்டியில கட்டிக் கொண்டா."

நண்டு சொல்லி முடிப்பதற்குள் பேத்தை பாய்ந்துவிட்டான். மேலே போய் வயிறு கொள்ளுமட்டும் காற்றை விழுங்கினான். திரும்பினால், வயிறு அவனை மேலுக்கே இழுத்தது. வாலை அடித்து அடித்து இறங்கினான். பாதி வழியில் இழுப்பு குறைந்தது. இன்னும் இறங்க, விம்மியிருந்த வயிறு ஒட்டிப்போனது.

'ஐயோ, ஒழுகுதே!'

செவுளை இறுக்கினான், பல்லைக் கடித்தான். அப்படியும் வயிறு சுருங்கிக்கொண்டே போனது. ஆமையின் வாயில் ஊதியபோது நெல்லிக்காய் அளவுதான் வந்தது.

"வழியிலயே பாதியக் குடிச்சிட்டியா?" என்று நண்டு சிரித்தது.

"சத்தியமாத் தொடவே இல்ல!"

ஆமையின் கண் கொஞ்சம் தெளிந்தது. "இத்தனூண்டு காத்துல எவ்வளவு தெம்புடா! இன்னும் கொண்டா."

அதைக் கேட்டு யோசிக்க அவனுக்குப் பொறுமை ஏது? ஒழுகுது, ஒழுகுது என்ற ஒரே நினைப்போடு ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். ஒவ்வொரு முறையும் செவுளை இன்னும் இறுக்கியதில், அது கீறல் போல ஆகிவிட்டது. ஆமை உறிஞ்சியது போக மிஞ்சிய காற்றைப் பாறைக் குடைவில் ஊதிச் சேர்த்து வைத்தான்.

கடைசியில் நண்டு தோண்டத் தோண்ட மணல் சரிந்து ஆமையின் கால் விடுபட்டது. அவன் அப்போதுதான் கொண்டுவந்திருந்த காற்றில் பாதியை உறிஞ்சிக்கொண்டு அவள் தள்ளாடியபடி மேலே கிளம்பினாள். நடுவழியில் அக்காவுக்கு மூச்சு நின்றால்? மீதியோடு குடைவில் சேர்ந்திருந்ததையும் விழுங்கி, வாயைப் பூட்டிக்கொண்டு பேத்தை கூடவே ஏறினான்.

காற்று எங்கும் ஒழுகியிருக்கவில்லை. அத்தனை ஆழத்துத் தண்ணீரும் மேலே ஏறி உட்கார்ந்து அதை அமுக்கி வைத்திருந்தது. மேலே நின்ற தண்ணீர் குறையக் குறைய அமுக்கமும் குறைந்தது. காற்று கால் நீட்டத் தொடங்கியது. வயிறு விம்மியது. தோல் விண்ணென்று தெறித்தது.

"வாயத் திறடா! வெடிச்சிருவ!" என்று ஆமை கத்தினாள்.

திறந்தால் போய்விடுமே! அவள் தலை தண்ணீருக்கு மேலே போய், உஸ்ஸென்று முதல் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும்வரை அவன் திறக்கவே இல்லை.

அதற்குள் பந்தாகிவிட்டான். தோலெங்கும் முள் விறைக்க, மல்லாந்து மிதந்தான். அவனைக் கொத்த வந்த கடற்காகம், "சீ, இது என்ன கருமம்!" என்று திரும்பிப் பறந்தது. ஆமை அவனை மூக்கால் உருட்டி உருட்டி, மெல்லக் காற்றை வெளியேற்றினாள். விரிந்த தோல் மட்டும் பழையபடி ஒட்டவில்லை. அன்றிரவே அவள் கரையேறி முட்டையிட்டாள்.

அன்று முதல்தான் பேத்தை மீன் தொளதொளத்த தோலோடு திரிகிறது. யாராவது சீண்டினால் போதும், வயிறு முட்ட உப்பி, வாயை இறுக மூடிக்கொள்கிறது.